சலவைக்கூடத்து ராஜாவும் என் கையெழுத்தும்

நாய் மருந்தை எடைக்குத் தக்கபடி குறைத்து ஆமைக்குக் கொடுப்பவரை நான் டாக்டர் என்று ஒப்புக்கொண்டதே இல்லை. அதை முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அதற்காக, என்னிடம் தொழில் கற்றுக்கொண்ட நீங்கள் எல்லாரும் என்னை முதுகுக்குப் பின்னால் 'மட்டாஞ்சேரி மிளகாய்' என்று கூப்பிட்டதும் எனக்குத் தெரியும். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், காரம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அதனால் என் சாமர்த்தியத்தைப் பற்றி மட்டும் எழுதாமல், நான் பண்ணிய ஒரு மடத்தனத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாய்க்கும் மாட்டுக்கும் உண்ணிக்காகப் போடும் சாதாரண ஊசி ஒன்று ஆமையைக் கைகால் விழவைத்துக் கொன்றுவிடும். கண் வீங்கியிருக்கிறதே என்று ஆசையாகப் போடும் வைட்டமின் ஊசி கொஞ்சம் கூடிப்போனால் தோல் உரிந்து விழும். இதெல்லாம் உங்கள் பாடத்தில் இருக்கிறது, நான் திரும்ப ஒப்பிக்கப் போவதில்லை. பாடத்தில் இல்லாத ஆபத்து ஒன்று உண்டு. அது டாக்டருடைய அவசரம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மயக்கம் கொடுத்த ஒரு குளத்து ஆமை இரண்டு மணி நேரமாக அசையவில்லை. செத்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அங்கே கூட்டிப் பெருக்குவதிலிருந்து கட்டுப் போடுவது வரை எல்லாம் செய்யும் அட்டெண்டர் ஒருவர் இருந்தார். அவர் அதைக் குப்பையில் போடாமல் ஒரு பெட்டியில் வைத்து வெயிலில் நகர்த்திவிட்டார். மறுநாள் காலையில் நான் உள்ளே நுழையும்போது அந்த ஆமை என் மேஜைக்கு அடியில் நடந்துகொண்டிருந்தது. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. நான் எழுதிய தாளை மட்டும் நாலாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "கிழிச்சுக் களையுங்க டாக்டரே" என்றார். அன்றிலிருந்து ஆமை விஷயத்தில் நான் அவசரப்பட்டதில்லை என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தேன். செல்வராணி வரும் வரைக்கும்.

கொச்சி மட்டாஞ்சேரியில் என் கிளினிக்கிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சலவைக்கூடம் இருந்தது. தமிழ்க் குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாக அங்கேதான் துவைப்பு, அங்கேதான் தேய்ப்பு. ஹோட்டல்களின் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் முழுக்க அவர்களிடம்தான் போகும். கல்தொட்டிகளுக்குப் பின்னால் துணி காயப்போட ஒரு புல்வெளி உண்டு. அந்தப் புல்லைத் தின்றுகொண்டு, விரிப்புகளின் நிழலில் வரிசை வரிசையாக நடந்துகொண்டிருந்தது ராஜா.

ராஜா ஆப்பிரிக்க வகைத் தரை ஆமை. நம் ஊர் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்தால் வழக்கு வரும், தெரியுமல்லவா? இது அது இல்லை. காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன. விடுதி நடத்திக்கொண்டிருந்த ஒருவர் காக்கநாட்டு அடுக்குமாடிக்குக் குடிபோகும்போது, தன் துணிகளைத் தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த செல்வராணிக்கு முறைப்படி எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். அப்போது அது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. ஒன்பது வருஷத்தில் இரண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய அளவுக்கு வளர்ந்துவிட்டது.

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று கூடத்தில் எல்லாரும் முதலில் செல்வராணியைக் கேலி செய்தார்கள். கூடத்தின் பொறுப்பாளர் மாரியப்பன் அண்ணன் தினமும் ஒரு தடவையாவது அதைச் சொல்லிவிட்டுத்தான் டீ குடிப்பார். செல்வராணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை, நாற்பத்தைந்து வயது. "வீட்ல பேச ஆளில்ல டாக்டரம்மா. இவன்கிட்ட சொன்னா முழுசா கேப்பான், இடையில பேசமாட்டான்" என்பாள். அவள் தேய்ப்பு மேஜையிலிருந்து கிளம்பினால் அதுவும் பின்னாலேயே கிளம்பும்.

ராஜா என்று பெயர் வைத்தது அவள். அதை ஆண் என்று சொன்னது நான். முதல் தடவை கொண்டுவந்தபோது புரட்டிப் பார்த்தேன். வயிற்றுப் பக்க ஓடு கொஞ்சம் குழிந்திருப்பது போலத் தெரிந்தது. அந்த வயதில் யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது, அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் கார்டில் 'ஆண்' என்று எழுதினேன். கட்டத்தைக் காலியாக விட்டால் டாக்டருக்குத் தெரியவில்லை என்று நினைத்துவிடுவார்கள் என்ற வீம்புதான் காரணம்.

ஒன்பதாவது வருஷம், மழைக்கு முன்னால், ராஜா மண்ணைத் தோண்ட ஆரம்பித்தது. அது தோண்டிய இடம் காயப்போடும் கொடிகளுக்கு நேர் கீழே. பின்னங்காலால் அது வாரி வீசுகிற செம்மண் வெளுத்த விரிப்புகளில் போய் அப்பும். ஹோட்டலிலிருந்து இரண்டு தடவை துணி திரும்பி வந்தது. வெள்ளையை வெள்ளையாகக் கொடுப்பதுதான் அவர்கள் மானம். செல்வராணி ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே சிமெண்ட் குழைத்து, அது தோண்டும் இடத்தையெல்லாம் மெழுகி மூடினாள். அப்படியும் அது ஓரத்து மண்ணைத் தேடிப் போனபோது, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சிமெண்ட் தளத்தில் தட்டி கட்டி அடைத்து வைத்தாள். தினமும் அங்கே புல் அறுத்துப் போட்டாள். நீங்களும் நானும் செய்யமாட்டோம். வேறு எந்த வீட்டுக்காரரும் இரண்டு பிடி மண்ணுக்காக அப்படிச் செய்யமாட்டார்கள். துணி வெளுப்பவர்கள்தான் செய்வார்கள்.

அடைத்த கொஞ்ச நாளில் அது தின்பதை நிறுத்தியது. செல்வராணி கொண்டுவந்தாள். நான் கார்டைப் பார்த்தேன். ஆண். வயிறு கட்டியிருக்கும் என்று முடிவு செய்து, வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். பத்து நாள் கழித்துச் சுமை ஏற்றும் பெட்டி ஆட்டோவில் ராஜா மறுபடி வந்து இறங்கியது. இந்தத் தடவை பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு, தலையைத் தூக்க முடியாமல் கிடந்தது.

அப்போது என்னோடு வேலை பார்த்த டாக்டர் அனு, திருப்பூணித்துறைத் தமிழ்ப் பெண், படிப்பு முடித்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மெதுவாகக் கேட்டாள்:

"மேடம், இது ஆண்தானா? நல்லா தெரியுமா?"

"கார்டைப் படிக்கத் தெரியாதா உனக்கு?"

"கார்டு படிச்சேன் மேடம். வால் சின்னதா இருக்கு. அதான் கேட்டேன்."

நான் எரிந்து விழுந்தேன். அவள் பயப்படவில்லை, எக்ஸ்ரே அறையைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றாள். படம் வந்தது. உள்ளே எலுமிச்சம்பழம் கொட்டி வைத்தது போல வரிசையாக முட்டைகள். என் காது இரண்டும் சுட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வீம்புக்கு எழுதிய ஒரு வார்த்தை இந்தப் பிராணியின் பத்து நாளைத் தின்றுவிட்டது. முட்டையிட மண் தேடித்தான் அது தோண்டியிருக்கிறது. மண் கிடைக்காததால் அடக்கி வைத்திருக்கிறது.

விஷயம் கூடத்துக்குப் போய், மாரியப்பன் அண்ணனும் வந்துவிட்டார். "ஊசி போட்டா வெளிய வந்திராதா டாக்டரே? பசுவுக்கெல்லாம் போடறாங்களே" என்றார். அவர் கேட்டது தப்பில்லை. அப்படி ஒரு ஊசி இருக்கிறது, ஆமையில் நன்றாகவே வேலை செய்யும். அனுவும் சிரிஞ்சை எடுத்துவிட்டாள். செல்வராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போடுங்க டாக்டரம்மா. வலிக்குதுன்னு சொல்லக்கூட அதுக்கு வாய் இல்ல."

எனக்கும் போட்டுவிட வேண்டும் போலத்தான் இருந்தது. என் தப்பை ஐந்து நிமிஷத்தில் துடைத்துவிடலாமே! ஆனால் படத்தை இன்னொரு தடவை பார்த்தேன். எல்லாவற்றுக்கும் கீழே, வெளியே வரும் வழியில், ஒரே ஒரு முட்டை மற்றவற்றைவிடப் பெரியதாக இருந்தது. இடுப்பெலும்பின் இடைவெளி அதைவிடச் சின்னது. ஊசி போட்டால் கர்ப்பப்பை தள்ளும். தள்ளினால் அந்த முட்டை நகராது. பின்னால் இருப்பதெல்லாம் முட்டி மோதி, முட்டையோ பையோ உள்ளேயே கிழியும். வழி திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் தள்ளுகிற மருந்தைக் கொடுக்காதீர்கள். எத்தனை பேர் சுற்றி நின்று அழுதாலும் கொடுக்காதீர்கள்.

"ஊசியை வை அனு. நாளைக் காலையில திறந்து எடுக்கணும்" என்றேன்.

சம்மதக் காகிதத்தில் கையெழுத்து வாங்கும் முன் செல்வராணியைத் தனியாக உட்காரவைத்தேன். அவளுக்கு இதற்குள் எல்லாம் புரிந்துவிட்டிருந்தது. "என் கையால சிமெண்ட் பூசி நானே கொன்னுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சும்மா இருந்திருந்தால் அவளே முழுப் பழியையும் சுமந்துகொண்டு போயிருப்பாள். எனக்கும் வசதியாக இருந்திருக்கும். கார்டை அவள் முன்னால் வைத்தேன்.

"இதைப் பாரு. ஆண்னு எழுதினது நான். பத்து நாள் முன்னாடி படம் எடுக்காம திருப்பி அனுப்பினதும் நான். நீ தெரியாம செஞ்ச. நான் தெரிஞ்சு செஞ்சேன். வேற டாக்டர்கிட்ட போறதுன்னா சொல்லு, நானே ஃபோன் பண்ணித் தரேன்."

அவள் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழ் பேசுவாளே தவிர, படித்தது மலையாளப் பள்ளியில். என் தமிழ்க் கையெழுத்து அவளுக்கு வாசிக்க வராது. ஆனாலும் அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்தாள். பிறகு, "நீங்களே செய்யுங்க. தப்பு பண்ணவங்களுக்குத்தான் ஜாக்கிரதை கூட இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அறுவையைப் பற்றி விவரிக்கமாட்டேன். ஓட்டின் அடியில் ஒரு ஜன்னல் திறந்தோம், முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தோம், ஜன்னலை மூடினோம். பெரிய முட்டை உடையாமல் என் உள்ளங்கைக்கு வந்தபோது அனு சத்தம் போட்டுச் சிரித்தாள். மதியம் ஒரு மணிக்கு எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகுதான் பரீட்சையே ஆரம்பித்தது.

ராஜா கண் திறக்கவில்லை. தானாக மூச்சும் விடவில்லை. தொண்டைக் குழாயில் காற்றுப் பையை மாட்டி நிமிஷத்துக்கு இரண்டு மூன்று தடவை நாங்கள் அமுக்கிக்கொண்டிருந்தோம். கழுத்தடியில் வைத்த சின்னக் கருவியில் இதயத்தின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு மழை கொட்டி, எங்கேயோ மரம் விழுந்து, கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டர் ஒரு மணி நேரத்தில் கைவிட்டது. அறை ஜில்லிட ஆரம்பித்தது.

ஆமைக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்து வரவேண்டும். உடம்பு குளிர்ந்தால் உள்ளே போன மயக்க மருந்து கரைந்து வெளியேறாது, அப்படியே தங்கிவிடும். அனுவுக்குப் பதற்றம்.

"மேடம், எழுப்பற மருந்து இன்னொரு டோஸ் கொடுத்துடலாமா? இல்லேன்னா வெந்நீர் பாட்டிலாவது வெச்சு..."

"கொடுத்த டோஸே குளிர்ல உறங்குது. அதுமேல இன்னொண்ணா? நாளைக்குச் சூடு ஏறும்போது ரெண்டும் சேர்ந்து அடிக்கும். பாட்டிலும் வேண்டாம்."

வெந்நீர் பாட்டிலால் வெந்துபோன ஆமையை நான் பார்த்திருக்கிறேன். மயக்கத்தில் இருக்கிற பிராணி சுட்டாலும் விலகாது. குளிரும் கொல்லும், சூடும் கொல்லும், நடுவில் ஒரு சின்ன இடம்தான் இருக்கிறது. அந்த இடத்தில் விடிய விடிய நிறுத்திவைக்க எனக்கு வழி தெரியவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், பயந்துவிட்டேன்.

வாசலில் உட்கார்ந்திருந்த செல்வராணி எழுந்து வந்தாள்.

"எவ்வளவு சூடு வேணும் டாக்டரம்மா?"

என் உள்ளங்கையை அவள் கன்னத்தில் வைத்தேன். "இதைவிடக் கொஞ்சம் கம்மி. ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது."

"இதுக்கா பேடிக்கிறீங்க?" என்றாள். "பட்டுப் புடவை தேய்க்கிற சூட்டுக்கும் கம்மி இது. எங்க பெட்டிக்குக் கரண்ட் வேணாம். வாங்க, கூடத்துக்குப் போலாம்."

கொட்டாங்கச்சிக் கரி போட்டுத் தேய்க்கும் பித்தளைப் பெட்டிகள் அவை. பெட்டியைக் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பருத்திக்கு எவ்வளவு, பட்டுக்கு எவ்வளவு என்று சூடு பார்ப்பவர்கள் அந்தப் பெண்கள். ஒரு விரிப்பு கருகினால் மானம் போகும் தொழில். என் தெர்மாமீட்டரைவிட நம்பகமான ஆட்கள் இரண்டு தெரு தள்ளி இருந்தது எனக்கு அதுவரை தோன்றவில்லை.

தார்ப்பாய் கட்டிய பெட்டி ஆட்டோவில், அனு காற்றுப் பையை அமுக்கிக்கொண்டே வர, ராஜாவைத் தேய்ப்பு மேஜைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்தார்கள். யாரும் வாங்காமல் விட்டுப்போன விரிப்புகள் ஒரு மூட்டை இருந்தது. ஒருத்தி தேய்ப்பாள், ஒருத்தி மடிப்பாள், செல்வராணி முழங்கையின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அதை ராஜாவின் மேல் போடுவாள். ஆறுவதற்குள் அடுத்தது வரும். நான் மணிக்கொரு தடவை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். வேண்டிய இடத்திலேயே நின்றது. நானும் உதவுகிறேன் என்று ஒரு பெட்டியை வாங்கி, முதல் விரிப்பிலேயே பழுப்பு நிறத்தில் ஒரு முத்திரை குத்தினேன். பெட்டியை மரியாதையாகப் பிடுங்கிக்கொண்டு என்னைக் காற்றுப் பைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்படியே இரவு போயிற்று.

காலை பத்து மணிக்கு இதயச் சத்தம் இன்னும் மெதுவானது. அறுவை முடிந்து இருபத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது, பெண்கள் முகமெல்லாம் கரி. மாரியப்பன் அண்ணன் என்னைத் தள்ளி அழைத்துப்போனார். அவர் குரலில் கேலி இல்லை.

"டாக்டரே, நான் கெட்ட எண்ணத்துல சொல்லல. இவளுக்காக நீங்க ஓட்டிக்கிட்டு இருக்கிறதானா, போதும். நான் அவளுக்குச் சொல்லிக்கிறேன். கொடிக்குக் கீழயே குழி எடுத்துடறேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். அனு நின்றபடியே தூங்கிக்கொண்டு பையை அமுக்கினாள். செல்வராணி எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. அவர் என்ன சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். நிறுத்துவதற்கு அங்கே எல்லாக் காரணமும் இருந்தது. நிறுத்தினால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தேன்: மெதுவாகிறது என்பதற்கும் நின்றுவிட்டது என்பதற்கும் நடுவில் ஆமைக்கு எவ்வளவு தூரம் உண்டு என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதித்தான் இவ்வளவும் வந்தது. இன்னொரு தடவை எழுதமாட்டேன்.

"சத்தம் கேக்கற வரைக்கும் நான் நிறுத்தமாட்டேன் அண்ணே. உங்களுக்குத் துணிக்கு நேரமாகுதுன்னா சொல்லுங்க, ஹோட்டல்காரங்ககிட்ட நான் பேசறேன்."

அவர் வாசல் பக்கம் போனார். போய், ஹோட்டலுக்கு ஃபோன் போட்டு, "இன்னிக்கு டெலிவரி இல்லே கேட்டோ, கூடத்துல ஒரு ஆபரேஷன் கேஸ்" என்று மலையாளமும் தமிழும் கலந்து கத்தினார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு பெட்டிக்குக் கரி போட்டு ஊத உட்கார்ந்தார்.

பன்னிரண்டரைக்கு நான் பையை அமுக்கப் போகும்போது பை தானாகச் சுருங்கியது. என் கை பட்டுவிட்டது என்று நினைத்தேன். கையை எடுத்துவிட்டேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பை மறுபடியும் சுருங்கி விரிந்தது. அனு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பின் அரை மணி நேரம். முதலில் முன்னங்கால் ஒன்று விரிப்பைப் பிறாண்டியது. குழாயை எடுத்தேன். கண் பாதி திறந்தது. தலை வெளியே வந்தது, ஆடியது, விழுந்தது, மறுபடி எழுந்தது. பக்கத்தில் செல்வராணி நிற்பதைப் பார்த்ததோ, வாசனை பிடித்ததோ, நான் சத்தியம் செய்யமாட்டேன். அவள் இருந்த பக்கமாகக் கழுத்தை முழு நீளத்துக்கு நீட்டியது. பிறகு முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, உடம்பை இழுத்து, மேஜைமேல் ஒரு அடி நகர்ந்தது.

அவள் அழவில்லை. தலையை அதன் தலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "எந்திரிச்சிட்டியாடி? என் ராஜாத்தி எந்திரிச்சிட்டியா?" என்று காதில் சொல்வது போலச் சொன்னாள். பின்னாலிருந்து யாரோ ஒருத்தி குலவை போட்டாள். அடுத்தவள் எடுத்தாள், அதற்கடுத்தவள் எடுத்தாள். பிறகு கூடமே அம்மன் கோயில் திருவிழா மாதிரி ஆனது. தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். மாரியப்பன் அண்ணன் ஊதுகுழலைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினார்.

பாலக்காட்டிலிருந்து வந்த எங்கள் குடும்பத்தில் குலவை போடும் வழக்கம் கிடையாது. நான் என் ஆயுளில் போட்டதில்லை. அனுவின் முன்னால், அத்தனை பேர் முன்னால், ஐம்பத்தெட்டு வயதில், நாக்கை உருட்டி நானும் ஒன்று போட்டேன். கோழி கத்துவது போலத்தான் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. செல்வராணி மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இன்னொண்ணு போடுங்க டாக்டரம்மா" என்றாள். போட்டேன்.